காயாத ரவை

"ஆத்தாடீ...!"

சங்கிலியம்மாள் போட்ட கூச்சலில் ஜமீன் மாந்தோப்புக் கிளிகள் மொத்தமாய்க் கிளம்பின.

மணி ஐந்து. கச்சேரிக்கு நேரமாயிற்றே என்று மிருதங்க வித்துவான் அழகரைக் கூப்பிடப் போன வேலைக்காரி அவள்.

கூப்பிட்டால் எழுந்து வருகிற நிலையில் அழகர் இல்லை!

வாத்திய அறையில், மிருதங்கத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. அருகில், சுருதி சேர்க்கத் தட்டுகிற கருங்கல்... ரத்தத்தோடு!

அது 1891-ஆம் வருஷத்து மார்கழி. குச்சனூர்ப் பக்கத்து அந்த ஜமீனில் மாதம் முழுக்கச் சின்ன மண்டபக் கச்சேரி. இருபது பேர்தான் உட்காரலாம். வீணை, பிடில், மிருதங்கம்... மூன்றே வாத்தியம். முதல் பாதி பழைய கீர்த்தனை. அடுத்த பாதி, பிடில்காரர் இருதயம் கட்டிய புது உருப்படிகள். கெங்குவார்பட்டி மாதா கோயிலில் கற்ற வெள்ளைக்கார மெட்டை நம் ராகத்தோடு குழைத்து வைத்திருந்தார். பெரியாற்று அணை வேலைக்கு வந்த துரைமார்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள்.

நாளை கடைசி நாள். ஆஸ்தான வித்துவான் பட்டம் யாருக்கு என்று ஜமீன்தார் சொல்வார்.

இருதயத்துக்கு அதை விட்டால் நாதியில்லை. ஜமீனில் வாசித்த குற்றத்துக்காக மாதா கோயில் வேலை ஏற்கெனவே போய்விட்டது. மனைவி மதலேனாள் ஜமீன் பின்கட்டில் திருகை சுற்றித்தான் இரண்டு வயிறும் நிறைகிறது.

கச்சேரிக்குக் காவல் வந்திருந்த ஏட்டு கோட்டைச்சாமி அங்கேயே விசாரணையைத் தொடங்கினார்.

"முன்வாசல்ல யாரு இருந்தது?"

"நான்தான் ஏட்டையா." காவல்காரன் பிச்சைமணி முன்னால் வந்தான். "மூணு மணிக்கு இருதயம் இங்கனருந்து வெளிய வந்தாக. அப்புறம் ஒரு ஈ, காக்கா நுழையல."

"பின்வாசலு?"

"சமையக்கட்டுக்குப் போகுதுய்யா."

ஏட்டு மதலேனாளைப் பார்த்தார். "ஏத்தா, நீ இங்கன வந்தியா?"

"உச்சிப் பொழுதுல மிருதங்கத் தோலுல அப்புறதுக்கு ரவை பெசஞ்சு குடுத்தேன்." முந்தானையை முறுக்கினாள். "அப்புறம் இந்தப் பக்கமே வரலைய்யா."

"சரிதான். இருதயம், கைய நீட்டு!"

விலங்கு விழுந்தது.

"ஏட்டையா! நான் என்ன செஞ்சேன்?"

"நேத்து சபையில வச்சு அழகர்கிட்ட, 'உம்ம மண்டையப் பொளந்துருவேன்'னு சொன்னது யாரு?"

"துரைப் பாட்டுக்கு அடிக்கிறது கைக்கே இழுக்குன்னாரு... கோவத்துல சொல்லிட்டேன்!"

ஜமீன்தார் குறுக்கிட்டார். "மூணு மணியிலருந்து இவரு என் முன்னாடிதானய்யா வாசிச்சுக்கிட்டு இருந்தாரு!"

"காரியத்த முடிச்சிட்டு வந்து வாசிச்சிருக்காரு, மகராசா."

"ஏட்டையா... நான் ஒண்ணு..." மதலேனாள் வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு!" என்றார் இருதயம்.

தூக்குக் கயிறு கண்முன் ஆடியது. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏதாவது ஒரு துரும்பு... ஒரே ஒரு துரும்பு!

கண் மிருதங்கத்தில் நின்றது.

இடது பக்கத்துத் தோலில், நாதம் கனக்க ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாய்ப் பூசுகிற ரவை அப்பியிருந்தது. விலங்குக் கையோடு பாய்ந்து அதைத் தொட்டார்.

ஈரம்!

"சேசுவே... தப்பிச்சேன்!"

"என்னங்க... வேணாம்... நான் சொல்றதக் கேளுங்க..."

"பேசாத மதலேனா! எனக்குச் சாட்சி கெடச்சிருச்சு!" இருதயத்துக்கு மூச்சு வாங்கியது. "ஏட்டையா, தொட்டுப் பாருங்க. இந்த மலைக்காத்துல ரவை அரை மணியில பொருக்குத் தட்டிரும். இது இன்னும் ஈரமா இருக்கு. அப்படின்னா நாலரை மணிக்குத்தான் தடவியிருக்காக. நாலரைக்கு அழகர் உசுரோட இருந்திருக்காரு!"

ஏட்டு தொட்டார். விரலில் ஒட்டியது.

"நாலரைக்கு நீ மகராசா முன்னாடி..."

"ஆமா!"

"உச்சியில பெசஞ்ச ரவையா இருந்தா?"

"கல்லாப் போயிருக்கும்! இது புதுசு."

"அழகரே பெசஞ்சிருந்தா?"

"ஏங்க..." மதலேனாள் அவர் தோளைத் தொட்டாள். உதறினார்.

"அவரு பெசையவே மாட்டாரு! ஈரம் பட்டா வெரலு நமத்துரும்னு தண்ணியத் தொட மாட்டாரு. ஆளு பெசஞ்சு கொண்டாந்தா, எடுத்து அப்புறதோட சரி. இந்த மாசம் பூராக் கூட உக்காந்தவன், எனக்குத் தெரியாதா?"

ஜமீன்தார் சிரித்தேவிட்டார். "பலே! நாளைக்குப் பட்டம் உமக்குத்தான்!"

ஏட்டு விலங்கைக் கழற்றினார்.

கழற்றிவிட்டு நிதானமாய்க் கேட்டார்.

"அப்போ... நாலரைக்குப் பெசஞ்சு கொண்டாந்தது யாரு?"



இருதயம் மெல்லத் திரும்பினார்.

மதலேனாளின் நகக்கண்களில் வெள்ளையாய்... ரவை!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெண்டாட்டியைக் கெடுத்துவிட்டது.

"மதலேனா...?"

"மூணு தடவ வாயெடுத்தேன். மூணு தடவையும் நீங்கதான் அடக்குனீக." அவள் அழவில்லை. "ரவை குடுக்கப் போனப்ப அழகரு, நாளைக்கு உங்க பாட்டுல வேணும்னே தாளத்தக் கவுத்து விடப்போறேன்னாக. 'உன் புருசன் முழிக்கிறதப் பாத்துச் சபையே சிரிக்கும்'னாக. எங்களுக்குப் போக்கிடம் இல்லைய்யான்னு கால்ல விழுந்தேன். சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே ரவையத் தடவக் குனிஞ்சாக. கல்லு கைக்கெட்டுன தூரத்துல கெடந்துச்சு..."

"பொய்யி!" இருதயம் அலறினார். "நான்தான் கொன்னேன்! என் பேர எழுதிக்கங்க ஏட்டையா!"

"எப்படிய்யா எழுதுறது? நாலரைக்கு நீ மகராசா முன்னாடில்ல இருந்தே? சாட்சிய நீதான குடுத்தே!"

இருதயம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க எந்த ஊரிலும் வழி இல்லை. நாளைக்குப் பட்டம் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

மதலேனாள் தானாகவே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

'க்ளிக்!'

"எங்க ஸ்டேஷனுக்கே இந்த ஒரு வெலங்குதான்யா..." பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார் கோட்டைச்சாமி. "நல்ல வேளை, சட்டுனு காலி பண்ணிக் குடுத்தே!"