நாற்பத்து மூன்றாவது குரல்

பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஸ்டீரியோ அது. பத்து அங்குலத் திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய உறையை ஒயர் இன்னும் உரிக்கவில்லை. அக்கா கொடுத்த பென் டிரைவில் நாற்பத்திரண்டு குரல் பதிவுகள் இருந்தன; கடைக் கம்ப்யூட்டரில் போட்டு, விரல் வைத்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்து செருகினான். திரை நாற்பத்து மூன்று என்று காட்டியது.

ஒயர் என்பது தெரு வைத்த பெயர். டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு, கால்களை வெளியே நீட்டிக்கொண்டு, கற்றை கற்றையான ஒயர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கார்களுக்குப் பாட்டும் வழிகாட்டும் மேப்பும் பொருத்திக் கொடுக்கும் கடை அது. வேலையெல்லாம் அவன் கை. வாசல் போர்டில் மட்டும் அக்கா புருஷனின் பெயர். மச்சான் செத்துப் பத்து மாதமாகியும் போர்டு மாறவில்லை. அவர் நாற்காலியில் இப்போது அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் காரும் மச்சானுடையதுதான். வீட்டு ஓரத்தில் உறை போட்டு நின்றிருந்ததை இன்று காலை அக்காவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"புது சிஸ்டம் போடுடா. பெரிய ஸ்கிரீன், பின்னாடி கேமரா, எல்லாம் வேணும். அவர் எனக்காகப் பேசி வச்சது இருக்கில்ல, அதையே வழி சொல்ற குரலா மாத்திடு."

"எதுக்குக்கா அது? கேட்டுக் கேட்டு அழுவே."

"அழ மாட்டேன். நீ போடு."

கண்ணீர் வற்றிப்போன கண்களால் அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது வலது குழம்பும். மேப்பில் வரும் பெண் 'இடதுபுறம் திரும்பவும்' என்று சொன்னால் இவள் நடுரோட்டில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்காகவே மச்சான் ஒரு நாள் உட்கார்ந்து தன் குரலில் எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தார். "வாட்ச் கை பக்கம் திரும்பும்மா." "சோத்துக் கை பக்கம், மெதுவா." "ரவுண்டானாவைச் சுத்தும்மா, தலை சுத்தினா என்னைத் திட்டாத." அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு 'ம்மா' கொஞ்சிக்கொண்டு நிற்கும்.

நாற்பத்து மூன்றாவதுக்குப் பெயரில்லை. மற்றவையெல்லாம் இரண்டு விநாடி, மூன்று விநாடி. இதன் எதிரே பத்தொன்பது நிமிடம் என்று இருந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஒயர் அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழித்தான். நாற்பத்திரண்டு. மூச்சை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பேனலின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கி நிமிர்ந்தபோது மறுபடியும் நாற்பத்து மூன்று. பென் டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பெயரில்லாத அந்த வரி திரையில் அப்படியே நின்றது.

"முடிஞ்சுதாடா?" ஜன்னலருகே அக்கா வந்து நின்றதை அவன் கவனிக்கவே இல்லை.

"ஏதோ சாஃப்ட்வேர் கோளாறுக்கா. இந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிக்கலாம்."

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. ஓட்டினாத்தானே தெரியும்."

மறுத்தால் காரணம் கேட்பாள். பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்புவதாக மேப்பில் குறித்துக்கொண்டு கிளம்பினான்.

மதியம் தாண்டியிருந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தெருவே வேர்த்துக் கிடந்தது. உறைக்குள் மூடிக் கிடந்த சீட்டிலிருந்து பழைய துணியின் முக்கல் நாற்றமும், அதற்கு அடியில், இருக்கவே கூடாத சைலன்சர் புகையின் நெடியும் மெல்ல மெல்ல மேலெழும்பி அவன் தொண்டையில் உட்கார்ந்தன. கண்ணாடிகளை இறக்கினான். ஏ.சி.யைக் கூட்டினான். நெடி போகவில்லை.

"வாட்ச் கை பக்கம் திரும்பும்மா" என்றார் மச்சான், நான்கு கதவுகளிலிருந்தும்.

ஒயர் திரும்பினான். நல்ல துல்லியம். புது ஸ்பீக்கர்களில் மச்சான் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. உயிரோடிருந்தபோது அந்தக் குரலைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்கு வரும் கார்களிலிருந்து நல்ல ஆம்ப்ளிஃபயர்களைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்து மூடி அனுப்பியதை மச்சான் கண்டுபிடித்த அன்றும் அவர் சத்தம் போடவில்லை. இதே கொஞ்சும் குரலில்தான் சொன்னார். "நாளைக்கு உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன் மாப்ளே. அதுக்கப்புறம் கடைப் பக்கம் வராத." அடித்திருந்தால் பொறுத்திருப்பான். அந்த நிதானம்தான் அவனைச் சுட்டது.

"சோத்துக் கை பக்கம், மெதுவா."

பெட்ரோல் பங்க் நேராகப் போனால் வரும். திரையைப் பார்த்தான். குறித்த இடம் மாறியிருந்தது. நீலக்கோடு வளைந்து, வந்த வழியே கடைக்குப் போயிற்று.

அவன் நேராகவே விட்டான்.

"திரும்பு" என்றது குரல். சற்று நின்று, "திரும்பு, மாப்ளே."

பிரேக்கில் கால் தானாக ஏறியது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு விலகிப் போயிற்று. நாற்பத்திரண்டையும் அவன் கேட்டிருக்கிறான். ஒன்றில்கூட 'மாப்ளே' கிடையாது.

ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். ஸ்டீரியோவின் ஃபியூஸைக் கண்ணை மூடிக்கொண்டே அவன் விரல் கண்டுபிடிக்கும். பிடுங்கினான். திரை செத்தது. பாட்டுக்குப் போகும் மின்சாரம் மொத்தமும் அந்தச் சிவப்புத் துண்டு வழியாகத்தான். அது இப்போது அவன் உள்ளங்கையில், வேர்வையில் ஊறிக் கிடந்தது.

"கையைச் சுட்டுக்கப் போற மாப்ளே" என்றது குரல், அணைந்த ஸ்பீக்கர்களிலிருந்து. "கடைக்குப் போ."

இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் நடுரோட்டில் காரைப் போட்டுவிட்டு ஓடினால் அக்காவுக்கு என்னவென்று சொல்வது? பத்து மாதமாக அவன் காப்பாற்றி வந்தது அவள் நம்பிக்கை ஒன்றைத்தானே. கடைக்குப் போய் இந்தச் சனியனை வேரோடு பிடுங்கிச் சுத்தியலால் நொறுக்கிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வழி நெடுக, தேவையே இல்லாத வளைவுகளுக்குக்கூட, மச்சான் பொறுமையாக வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையின் முன்பக்கம் இரண்டு கார்கள் வழியை அடைத்து நின்றன. பக்கத்துச் சந்தில் அக்கா நின்று கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் சவுண்டு ரூமின் ஷட்டர் திறந்திருந்தது.

பத்து மாதமாக அவன் திறக்காத ஷட்டர். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் சத்தம் வைத்துப் பார்க்க, சுவர் முழுக்கத் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய அறை. ஒரு கார் நிற்கும், சுற்றிலும் ஓர் ஆள் நடக்கும் அளவு இடம். ஓடும் காரின் புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய ஃபேன்; அதன் சுவிட்ச் வெளிச்சுவரில்.

"மழை வருதுடா, உள்ள விடு."

"ஃபேன் ரிப்பேர்க்கா. அன்னைக்கு அதனாலதானே மச்சான்..."

"சரி பண்ணியாச்சு. ஓடுது பாரு." ஃபேன் ஓடியது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன்டா பயப்படுற?"

முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. அவன் உள்ளே விட்டான்.

இன்ஜினை அணைக்கச் சாவியைத் திருகினான். சாவி திரும்பியது. இன்ஜின் நிற்கவில்லை. கதவுகளின் பூட்டுகள் நான்கும் ஒரே சத்தத்தில் விழுந்தன. கண்ணாடிகள் நான்கும் தாமாகவே மேலேறி மூடிக்கொண்டன. செத்த திரை விழித்துக்கொண்டது.

பெயரில்லாத பதிவு ஓடத் தொடங்கியிருந்தது.

முதலில் பேஸ் மட்டும், தும் தும் என்று, நெஞ்செலும்பில் இடிக்கிற மாதிரி. அதற்குள் ஒரு ஷட்டர் இறங்கும் கரகரப்பு. அப்புறம் இருமல். கார்க் கதவு திறக்கும் சத்தம். தடுமாறும் செருப்பு. "மாப்ளே, ஷட்டர் விழுந்துடுச்சு பாரு." தகரத்தில் உள்ளங்கை மோதும் சத்தம். "மாப்ளே, ஃபேனைப் போடு. வெளியதானே நிக்கிற? நிழல் தெரியுது மாப்ளே."

ஆமாம். வெளியேதான் நின்றான். கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு தகரத்தில் ஒரு சுரண்டல். விரல்களால். நீண்ட நேரம். அது நின்ற பிறகும் ஐந்து நிமிடம், ஆக மொத்தம் பத்தொன்பது நிமிடம் காத்திருந்து, ஷட்டரைத் தூக்கி, உடம்பை இதே காரின் சீட்டுக்கு இழுத்துப்போட்டு, ஃபேன் ஒயரை உருவிவிட்டு, அதற்கப்புறம்தான் ஊரைக் கூட்டினான்.

அப்போது அங்கே எதுவும் பதிவாகிக்கொண்டிருக்கவில்லை. மச்சானின் போன் முன்மேஜையில் கிடந்தது. அவனே பார்த்தான்.

"அக்கா!" கண்ணாடியில் குத்தினான். "கதவு திறக்கலக்கா! வெளியிலேர்ந்து உடை!"

அக்கா சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்தாள். குனிந்தாள். கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவள் முகம்.

"காலையில என் போன்ல வந்துச்சுடா" என்றாள். குரல் அடங்கிக் கேட்டது. "யாரு அனுப்பினதுன்னு இல்ல. முழுசா கேட்டேன். பத்தொன்பது நிமிஷமும்."

"அக்கா, நான்... அது சும்மா பயமுறுத்தத்தான்க்கா..."

"அவர் கடைசியில என்னைக் கூப்பிட்டாருடா. நீ அதையும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன?"

அவள் நிமிர்ந்தாள். போனாள்.

கியர் நியூட்ரலில் இருந்தது. இருந்தும், ரிவர்ஸ் போட்டால் மட்டுமே வரும் பின்கேமராவுக்குத் திரை மாறியது. இன்று காலை அவன் கையாலேயே பொருத்திய கேமரா. மழை, சந்து, அக்காவின் கால்கள். ஃபேனின் இரைச்சல் மெல்லச் சுருதி இறங்கி நின்றது. ஷட்டர் கரகரவென்று இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. திரையில் அக்காவின் கால்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி ஷூக்கள்.

"ஸ்டீரியோ மாத்தணும்ங்க. ஒயர் இருக்காரா?"

ஒயர் கத்தினான். ஹாரனை அழுத்தினான். ஹாரன் ஊமையாக இருந்தது. தும். தும். தும்.

"உள்ள இருக்கான்" என்றாள் அக்கா. "சவுண்டு டெஸ்ட் பண்றான். நேரம் ஆகும். மழையில நிக்காதீங்க, முன்னாடி வந்து உக்காருங்க."

ஷூக்கள் நகர்ந்தன. ஷட்டர் தரையைத் தொட்டது.

இருட்டு. திரையின் நீல வெளிச்சம் மட்டும். தலை கனத்தது. கதவை உதைத்தான். கண்ணாடியை முழங்கையால் இடித்தான். மறுபடி. மறுபடி. ஒரு கீறல்கூட இல்லை.

கேமராவில் ஷட்டர் தெரிந்தது. அதன் உட்பக்கம். தகரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு யாரோ நின்றிருந்தார்கள்.

அவன் பின்னால் திரும்பவில்லை. முடியவில்லை.

திரையில் அந்த உருவம் தகரத்தை விட்டு விலகியது. தடுமாறியது. காரை நோக்கி நடந்தது. நெருங்கியது. கேமராவின் பார்வையைத் தாண்டிப் போயிற்று.

செருப்புச் சத்தம். காரின் ஓரமாக. மெதுவாக.

பக்கத்துக் கதவு திறக்கவில்லை. ஆனால் பக்கத்து சீட் அமுங்கியது.

"இதுக்கே மூச்சு முட்டுதா, மாப்ளே?"

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. காதருகே. புகை நாற்றமடிக்கும் வாயிலிருந்து.

நீல வெளிச்சத்துக்குள் ஒரு கை நீண்டது. நிதானமாக. சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பிடித்தது. திருகியது.

அந்த விரல்களில் நகங்கள் இல்லை.