யன்னலை மூடினால் மறந்துபோகும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், இரண்டாம் மாடியில் அந்த மென்பொருள் அலுவலகம். நிரோஜினி வேலைக்கு வந்த முதல் நாளே கொட்டு கொட்டென்று மழை. படியில் ஓடி ஏறியவள், வாசலில் நின்று குடையை ஒரு உதறு உதறினாள். அத்தனை தண்ணியும் உள்ளேயிருந்து வந்தவனின் வெள்ளைச் சட்டையில்...

"நனையக்கூடாதெண்டுதான் உள்ளுக்கை இருந்தனான்," என்றான் அவன். "பறவாயில்லை. குருநகரிலை இருந்து வந்த புதுப் பிள்ளை நீர்தானே?"

கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கிற கண்கள்... "ஓம்," என்றாள். அதற்கு மேல் வரவில்லை. சந்தையில் அவள் மீன் விலை பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்த வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

அவன் ஜொனதன், வட்டுக்கோட்டைக்காரன். இரண்டு வருஷம் முந்தியே அங்கே சேர்ந்தவன்.

மத்தியானம் அவளுடைய புரோகிராம் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. தரவுகள் இருக்கிற இடத்தின் விலாசம் தனக்குத் தெரியாதாம். ஜொனதன் வந்து குனிந்து, திரையில் கட்டளைகள் தட்டுகிற கறுப்பு யன்னலில் 'எக்ஸ்போர்ட்' என்று தொடங்கி ஒரு வரி தட்டினான். உடனே ஓடியது.

"இதைத்தான் சூழல் மாறி எண்டுறது. புரோகிராமுக்கு வேண்டியதை வெளியிலை நிண்டு காதுக்கை சொல்லிவிடுறம். ஆனால் இந்த யன்னலை மூடினீரெண்டால் மறந்துபோகும்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு என்னைக் கூப்பிடும்."

கூப்பிட்டாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்... உண்மையைச் சொன்னால், இரண்டாம் நாளே அந்த வரி அவளுக்கு மனப்பாடம். இருந்தும் பின்னேரம் போகும்போது யன்னலை மறக்காமல் மூடிவிட்டுத்தான் போவாள். அலுவலகத்தில் மூத்த ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணைமார். டினேஸ் அண்ணை, கிறகோரி அண்ணை... ஜொனதனை மட்டும் "இஞ்சை, ஒருக்கா வாறீங்களோ?" என்பாள். அதோடு சரி.

வேலைக்கு வந்த மூன்றாம் கிழமை மேலாளர் நிவேதனா அக்கா கூப்பிட்டுக் கேட்டார். கொழும்புக் கிளையில் ஒரு இடம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். போவதில்லை என்று நிரோஜினி அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் ஜொனதன் தன் லப்டொப்பில் மாறிகள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக் காட்டினான். அவளுடைய கண் ஒரு இடத்தில் குத்தி நின்றது. ஹோம் என்ற இடத்தில், ஜெனிற்றா. யூசர் என்ற இடத்திலும் ஜெனிற்றா...

"ஆர் ஜெனிற்றா?" முடிந்தவரை சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"என்ரை மச்சாள். லப்டொப் அவவின்ரை," என்றான். அதற்குள் போன் அடித்தது, எழுந்து போய்விட்டான்.

மச்சாள். மாமன் மகள். முறைப்பெண்... வீடு எது என்று கேட்டால் ஜெனிற்றா, ஆள் யார் என்று கேட்டால் ஜெனிற்றா. காலையில் லப்டொப்பைத் திறந்தால் முதலில் நிற்பதும் அவள்தான். அம்மா கட்டித் தந்த கணவாய்க் கறியை நிரோஜினி அன்று டினேஸ் அண்ணையிடம் தள்ளிவிட்டாள். முகம் தெரியாத ஒருத்தியின் தலைமயிர் நீளமாக இருக்குமோ என்றுகூட யோசித்தாள்.

அடுத்த நாள் அவனைக் கூப்பிடவில்லை. தானே தேடிப் படித்தாள். யன்னல் திறக்கும் போதெல்லாம் முதலில் வாசிக்கிற கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் கடைசியில் அந்த வரியை எழுதிவிட்டால் பிறகு ஒருநாளும் மறக்காது. இவ்வளவுதானா? இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும்? மூன்று கிழமையாகத் தன்னை வைத்து விளையாடியிருக்கிறான்... ஆத்திரத்தோடு எழுதி வைத்தாள்.

ஒன்பது மணிக்கு அவனே வந்தான். புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஆர் போட்டுத் தந்தது? டினேஸோ?" குரலில் ஒரு காரம்.

"ஆர் போட்டால் என்ன, ஜொனதன் அண்ணை?"

அண்ணை... கன்னத்தில் அறை வாங்கியவன்போல் ஒரு கணம் நின்றான். திரும்பிப் போனான். வென்றது அவள்தான். ஆனால் அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். முடிவை மாற்றிக்கொண்டு, கொழும்புக்குச் சம்மதம் சொல்ல நிவேதனா அக்காவின் அறைக்குப் போகிறாள். விறாந்தையில் ஜொனதன் மறித்துக்கொண்டு நிற்கிறான்.

"கொழும்புக்குப் போறீராம்?"

"உங்களுக்கென்ன? நீங்கள் போய் உங்கடை மச்சாளைப் பாருங்கோ."

அவன் முழித்தான். "அவவை நான் ஏன் பாக்கவேணும்? எங்கடை அண்ணையெல்லோ பாக்கிறார்."

"அண்ணையோ..."

"அண்ணையின்ரை மனுசி. லண்டனுக்குப் போகேக்கை லப்டொப்பைத் தந்திட்டுப் போனவ. பேரை மாத்த எனக்குப் பஞ்சி, சோம்பேறித்தனம்தான்."

மாமன் மகளும் மச்சாள், அண்ணன் மனைவியும் மச்சாள். இது தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டா? பொறாமை பிடித்த காதுக்கு ஒன்றுதான் கேட்டது. வெட்கத்தில் முகம் சிவந்தும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்ப அந்த ஒரு வரி? எழுதி வைக்கலாமெண்டு தெரிஞ்சுகொண்டுதானே மறைச்சனீங்கள்?"

"ஓம், முதல் நாளே தெரியும்." கண்ணாடியைக் கழற்றினான், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "எழுதினால் பிறகு நீர் என்னைக் கூப்பிடமாட்டீரே... எனக்கு உம்மிலை சரியான விருப்பம், நிரோஜினி. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. நீர் அண்ணை எண்ட பிறகு ரெண்டு நாளாய்ச் சாப்பாடும் இல்லை."

மழை சாரலாக உள்ளே அடித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"எனக்கும் ரெண்டாம் நாளே அந்த வரி பாடம்," என்றாள் மெல்ல. "வேணுமெண்டுதான் மூடினனான்..."

உள்ளேயிருந்து நிவேதனா அக்கா குரல் கொடுத்தார். "நிரோஜினி, கொழும்புக்கு என்ன சொல்லுறது?"

"நான் போகேல்லை அக்கா."

பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஜொனதன்..."

"ம்?"

"சும்மா. கூப்பிட்டுப் பாத்தனான்."