ஆழமாகும் பள்ளம்

பள்ளம் போன தடவையைவிடக் கொஞ்சம் ஆழமாக இருந்தது.

மயிரிழை வித்தியாசம்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் டீயை ஆற்றிக்கொண்டே அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் அவள் இந்த ஒரே நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வருடக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள். கழுத்து வலியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலம் ஆவதற்கு முன்பே ஜன்னல் இருட்டியிருந்தது. ஏசியிலிருந்து காயாத துணியின் வாடை வந்தது. கூரையில் எங்கோ ஒரு சொட்டு விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. கோள் என்ன, பிள்ளையா வளர்வதற்கு?

அவர்களுடைய பிழைப்பே இதுதான். தூரத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிவரும் கோள், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நமக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் குறுக்கே போகும். தெருவிளக்குக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி. கொசுவைப் பார்க்க முடியாது. விளக்கு துளி மங்குவதைத்தான் பார்க்க முடியும். திரையில் கோடு சரிந்து இறங்கும், அடியில் கொஞ்ச நேரம் சமமாக ஓடும், பிறகு பழையபடி ஏறிவிடும். அதைத்தான் பள்ளம் என்பார்கள். பள்ளம் எவ்வளவு ஆழமோ கோள் அவ்வளவு பெரிது. அவளுடைய கோள் பூமியைவிடச் சிறியது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்திருக்கிறாள் என்று பக்கத்துப் பிரிவில் கிண்டல் செய்தார்கள். அந்த எலியை நம்பித்தான் அவளுக்கு அடுத்த வருடமும் வேலை இருந்தது.

இவ்வளவு சின்னக் கோள் என்றால் ஒரு பள்ளம் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. எல்லாப் பள்ளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே பள்ளமாக்கித்தான் பார்ப்பார்கள். அடுக்கிவிட்டால் மூத்தது எது, இளையது எது என்று தெரியாமல் போய்விடும். இன்று, களைப்பில் தவறான பொத்தானை அழுத்தியதால், பள்ளங்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் வந்தது கொஞ்சம் ஆழம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியில் இருந்ததை வாசல்படியில் நின்று பார்த்தாலும் தெரியும்.

அடுத்த மேஜைக்காரரை எல்லோருமே அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். துடைப்பம் என்ற செயலியை எழுதியவர் அவர்தான். தொலைநோக்கியின் கேமரா சூடானால் படத்தில் உள்ள எல்லா நட்சத்திரங்களும் சேர்ந்து மங்கும். அந்தப் பொது மங்கலைத் துடைப்பம் கூட்டித் தள்ளிவிடும். அதற்கு அண்ணன் ஒரு வாசகம் வைத்திருந்தார். பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லையென்றால் கோளாறு நம் வீட்டு ஃப்யூஸில் இல்லை.

அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, கூட்டாத படத்தைத் திறந்தாள்.

மூலையில் இருந்த நட்சத்திரம் முதலில் மங்கியது. அதன் பக்கத்தில் இருந்தது அடுத்து. பிறகு அதற்கும் பக்கத்தில் இருந்தது. ஒன்று எழ, அடுத்தது விழ, ஏதோ ஒன்று அத்தனை நட்சத்திரங்களுக்கும் முன்னால் வரிசையாக நடந்து போயிருந்தது. துடைத்த பிறகு மிஞ்சிய கறையைத்தான் இத்தனை நாளாகக் கோள் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "கேமரா சூடும்மா. துடைச்சு விட்ரு."

"சூடுன்னா எல்லாம் ஒண்ணாத்தானே மங்கணும்? இது ஒண்ணு பின்னாடி ஒண்ணா மங்குது."

"அப்ப என்னங்கிற?"

"அங்க இருக்கிற சின்னது இல்லண்ணா. இங்க, கிட்டத்துல இருக்கிற ஏதோ ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்ட வருது."

அவர் அவளைத்தான் பார்த்தார், திரையை அல்ல. "நீ தூங்கி எத்தனை நாளாச்சு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டுக்குப் போ. வாலு காத்துக்கிட்டிருக்கும்."

வாலு அவளுடைய மகள். அப்பா கப்பலில், அம்மா அலுவலகத்தில், பள்ளி விட்டால் பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவிடம். அண்ணன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அவள் கணினியை அணைத்தாள். அணைக்கும் முன் அடுத்த பள்ளம் என்றைக்கு என்று பார்த்தாள். பதினோரு நாளைக்கு ஒருமுறை வருவது அது. இன்றைக்கு இரவு வர வேண்டும்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழைத் தண்ணீர் கண்ணாடியில் கோடு கோடாக இறங்க, தலை தானாகக் கம்பியில் சாய்ந்தது. தூங்கிப்போயிருக்க வேண்டியவள். மகள் சொன்னது ஞாபகத்துக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது.

"அம்மா, லைட்டுக்கு முன்னாடி ஏதோ போச்சு."

கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கும் சின்ன இரவு விளக்கு. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள்: வோல்டேஜ் கம்மி, தூங்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று அது. அப்புறம் பள்ளிச் செருப்பு அறுந்த அன்று ஒருமுறை. அக்கா வீட்டுக் குழாய் உடைந்த அன்று ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஒன்றுமில்லை, படு. கூட்டித் தள்ளியாயிற்று.

விரல்விட்டு எண்ணினாள். காய்ச்சலிலிருந்து செருப்புக்குப் பதினோரு நாள். செருப்பிலிருந்து குழாய்க்கும் அதே. குழாய் உடைந்தது எப்போது? மறுபடி எண்ணினாள். இன்றோடு பதினோரு நாள். பனம்பழம் விழுந்ததற்குக் குருவியா காரணம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மிச்சத் தூரத்தை ஓடினாள். பேருந்து இதைவிட வேகமாகப் போயிருக்கும் என்பது நனைந்த பிறகுதான் உறைத்தது.

அக்கா பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து வைத்திருந்தாள். வாலு நெருப்பெட்டிப் படங்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். எல்லாம் எப்போதும்போல இருந்தது. இவ்வளவு சாதாரணமாக இருந்ததே அவளுக்கு அழுகையை வரவழைத்தது. மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்து, சுவரோடு ஒட்டி இருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். குழல்விளக்கை அணைத்துவிட்டு இரவு விளக்கைப் போட்டாள்.

"இன்னிக்கு நீ இங்கயே இருக்கியாம்மா?"

"இருக்கேன்டா கண்ணு."

"அது முன்ன லைட்டுகிட்டத்தான் போச்சு. அப்புறம் கட்டில்கிட்ட. போன தடவ என் கால்கிட்ட போச்சும்மா."

"எதுடா?"

"தெரியல. உருண்டையா இருக்கும்."

மழை விட்டிருந்தது. குளியலறைக் குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. ஈரத் தலைமுடி கழுத்தில் ஒட்ட, அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் வெளிச்சம். அசையவில்லை. மங்கவில்லை. பார்க்கப் பார்க்கக் கண் செருகியது. எவ்வளவு முட்டாள் நான், நாளைக்கு அண்ணனிடம் சொன்னால் சிரித்துத் தீர்ப்பார் என்று நினைத்தாள்.

"அம்மா, மங்குது."

விளக்கு மங்கவில்லை. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

முகம் மங்கிக்கொண்டிருந்தது.

காதோரத்திலிருந்து ஓர் இருட்டு, வளைந்த விளிம்போடு, கன்னத்தின் மேல் நகர்ந்து வந்தது. அவளுடைய கையில் வெளிச்சம் இருந்தது. தலையணையில் இருந்தது. பிள்ளையின் முகத்தில் மட்டும் இல்லை. குறுக்கே போவது எதுவாக இருந்தாலும், நேர்க்கோட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு அடி தள்ளி நின்றால் தெரியாது. அவளுக்குத் தெரியாத விஷயமா இது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டில் வெளிச்சம். அக்கா வீட்டில் வெளிச்சம். தெரு முழுக்க வெளிச்சம்.

அப்படியானால் கோளாறு நம் வீட்டில்தான்.

பாய்ந்து குழல்விளக்கைப் போட்டாள். அறை வெள்ளையாகப் பளிச்சிட்டது.

"அம்மா, ஏன் இன்னும் இருட்டாவே இருக்கு?"

மகளை வாரித் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். அங்கேயும் விளக்கைப் போட்டாள். சமையலறை விளக்கு. வாசல் விளக்கு. வீடு முழுக்கப் பகல். தோளில் கிடந்த முகம் மட்டும் கருத்தே கிடந்தது. இருட்டு கன்னத்தைத் தாண்டி மூக்குக்கு வந்திருந்தது. அங்கே நின்றது.

இது பள்ளத்தின் அடி என்று நினைத்தாள். அடியில் கொஞ்ச நேரம் சமமாக ஓடும். அப்புறம் ஏறிவிடும். ஏறாத பள்ளத்தை அவள் பார்த்ததே இல்லை. ஏறிவிடு. தயவுசெய்து ஏறிவிடு. மகளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"போகலையேம்மா. நின்னுடுச்சு."

"எங்கடா நிக்குது?"

பிள்ளை கையை நீட்டிக் காட்டினாள். கை முழுசாக நீளவில்லை. பாதியிலேயே எதன் மேலோ பட்டதுபோல மடங்கிக்கொண்டது.

அவள் மகளின் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டினாள். பிள்ளையின் கண் இருக்கும் இடத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து, கூடத்து விளக்கைப் பார்த்தாள்.

விளக்கில் பாதி இல்லை. கருப்பாக, உருண்டையாக, ஓரம் கொஞ்சமும் பிசிறில்லாமல் ஒன்று அதை மறைத்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கமும் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை. ஆனால் விளக்கு குறைந்துகொண்டே வந்தது. பாதி. கால். ஒரு கீற்று.

பக்கவாட்டில் நகராமல் பள்ளம் ஆழமாவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு.

மகளின் கண்களை உள்ளங்கையால் பொத்தினாள். இமைகள் கையில் துடித்தன. அவளால் தன் கண்ணை மூட முடியவில்லை. விளக்கைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சியது. பிறகு அதுவும் போயிற்று. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.