சம்பங்கி சிரிக்க மறுத்த சாயங்காலம்

“முடியாதுன்னா முடியாது! சிரிக்கலைன்னா இன்னா பண்ணுவே?”

பெஞ்சின் மேல் பிணமாகக் கிடந்தபடியேதான் சம்பங்கி கத்தினார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. சாவு சீன் முடிந்துவிட்டது. ஒப்பாரி வைத்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டே செகண்ட் சார். கேமராவைப் பார்த்துச் சிரிச்சிட்டு எழுந்திருங்க. பொணமா நடிச்சவங்க சிரிக்காம எழுந்தா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?” என்றான் பிரதாப். இதே ஊர்க்காரன்தான், பெங்களூருக்குப் போய் வெப் சீரிஸ் டைரக்டராகத் திரும்பி வந்திருந்தான்.

“வீம்பு பண்ணாதே நைனா! படுத்திருக்கிறது நம்ம வீட்டுப் பெஞ்சு,” என்று மகள் சுமாவும் குரலை உயர்த்தினாள்.

“நீ கம்முனு இரு. நாப்பது வருஷமா செத்துக்கினு இருக்கேன். ஒவ்வொரு தபாவும் சிரிச்சேன். அதுல ஒரு சிரிப்பாவது படத்துல வந்துதா? வெட்டிப் போட்டானுங்க. ஜனங்க என் பொணத்தைப் பார்த்துது, பல்லைப் பார்க்கலை. இனிமே ஓசிச் சிரிப்பு கிடையாது.”

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் அவருக்கு டெட்பாடி சம்பங்கி என்று பேர். முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்கு வருவார். முதுகுக்குப் பின்னால் சொன்னால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, முழுசாகக் கேட்டுக்கொண்டு போவார். அப்பாவாகவோ அண்ணனாகவோ அவர் செத்தால்தான் ஹீரோவுக்குக் கோபமே வரும். செத்த பிறகு அவரை ஹீரோ உட்பட யாரும் நினைப்பதில்லை என்பதையும் லைன்காரர்கள் கவனிக்காமல் இல்லை.

அவரே முடிச்சை அவிழ்த்தார். பஞ்சையும் தாடைத்துணியையும் பிடுங்கி எறிந்தார். சிரிக்காமலே எழுந்து நின்றார்.

ஒப்பாரிக்காரி ஒருத்தி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தாள். சாமான் ஏற்றினார்கள். எல்லாரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்ப, சுமா பிரதாப்பின் பைக்கில் ஏறினாள். எதற்கு அந்த பைக் என்று பக்கத்து வீட்டு லூயிசா ஜன்னலில் நின்று கணக்குப் போட்டாள். பெற்றவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

அவர் சமையலறையில் டீ போட்டார். இஞ்சியை நசுக்கிப் போட்டும் வாசம் வரவில்லை. மூக்கைத் தடவிப் பார்த்தார், பஞ்சு இல்லை. அப்போது கரண்ட் போனது. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, ஆனால் அது உள்ளே வருவதாயில்லை. தகரக் கூரை சூடாறும்போது எழுகிற டக் டக்கும், எங்கேயோ குழாயடியில் குடம் உருளுகிற சத்தமும், தரையில் மிதிபட்ட ரோஜா இதழ்களின் ஈரமும், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப்போய், கடைசியில் கூடத்திலிருந்து பெஞ்சு முனகுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. ஆள் உடம்பை நேராக்கிப் படுக்கும்போது முனகுமே, அந்த முனகல்.

“சுமா?”

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு போனார்.

முதலில் பாதம் தெரிந்தது. கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. இடது நகம் பிளந்த நகம். சம்பங்கிக்கும் அப்படித்தான். வெளிச்சத்தை மேலே ஏற்றினார். ரோஜா மாலை. தாடைத்துணி. முகம்.

அவர் முகம்.

புழக்கடைக் கதவு திறந்துதான் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் லூயிசா வீட்டு வாசலில் போய் விழுந்திருப்பார்கள். நம்ம ஆளுக்கு வேட்டி நனைந்தது, ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“இது என் வூடு. நான் எதுக்குடா ஓடணும்?”

அது அசையவில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. வயிற்றால் மூச்சு விட்டு மார்பை நிறுத்தி வைக்கிற வித்தை அவருக்கு அத்துப்படி. இதன் வயிறும் நின்றிருந்தது. பயத்துக்கு நடுவிலும் ஒரு பொறாமை.

“நல்லாத்தான் படுத்திருக்கே. சிரிப்பு வாங்கத்தானே வந்தே? கேட்டுக்கோ. மெட்ராஸ்ல ஒரு செட்டு. பொணமா கிடக்கேன். ஷாட்டு முடிஞ்சுது, சிரின்னானுங்க, சிரிச்சேன். அப்பால வந்து தோள்மேல கை வெச்சு சொல்றானுங்க, ஊர்ல உன் பொஞ்சாதி காலையிலேயே பூட்டாளாம்னு. சேதி முன்னாடியே வந்து எல்லாருக்கும் தெரியும். சீன் கெட்டுடும்னு யாரும் சொல்லலை. அவ பொணமா இருக்கறப்போ நான் பல்லைக் காட்டினேன்.”

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

“அதான் சிரிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன். உனக்கு வேணும்னா, நீ சிரிச்சிக்கோ!”

தாடைத்துணி இறுகியது.

இல்லை, அதன் துணி தளர்ந்தது. இறுகியது இவருக்கு. கையை உயர்த்தினார். கை வரவில்லை. அதன் உதட்டோரம் மெல்ல விலகியது. பல் தெரிந்தது. இவருடைய பல். இன்னும் விலகியது.

நாற்காலி எங்கே?

கண்ணுக்கு நேரே தகரக் கூரை. முதுகுக்குக் கீழே பெஞ்சு. கட்டைவிரல்கள் ஒன்றோடு ஒன்று.

பக்கத்தில் யாரோ எழுந்து நின்று வேட்டியை உதறினார்கள்.

கரண்ட் வந்தபோதே சுமாவும் வந்தாள்.

“இருட்டுல இன்னா பண்ணிக்கினு இருக்கே நைனா?”

“சும்மாதாம்மா,” என்றது அவர் குரல். கூடவே ஒரு சிரிப்பு. மனசு நிறைந்த, நீளமான சிரிப்பு.

“அப்பாடா! இப்பவாவது சிரிச்சியே,” என்று சுமாவும் சிரித்தாள். பிரியாணிப் பொட்டலத்தைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவள் கண்ணுக்கு அது வெறும் பெஞ்சு. வைத்தது அவர் மார்பின் மேல். கொதித்தது. கத்தினார். அவள் காதில் விழவில்லை. இரண்டு பேரும் அவர் மேலேயே இலையை விரித்துப் பேசிப் பேசிச் சாப்பிட்டார்கள். நடுவில் அது ஒரே ஒரு முறை குனிந்து, பல்லைக் காட்டி, அவர் கண்ணுக்குள் பார்த்தது.

மற்றதெல்லாம் அவர் ஜன்னல் வழியாகக் கேட்டதுதான். லூயிசாவின் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் சுமாவுக்கும் பிரதாப்புக்கும் கல்யாணம் நடந்தது. கிழவர் சண்டை போடாததோடு, எல்லாப் போட்டோவிலும் பல்லாக நின்றாராம். மூவரும் பெங்களூருக்குக் குடி போனார்கள். கிழவருக்கு இப்போது காமெடி வேஷம் குவிகிறதாம். பழைய பெஞ்சை எதற்குத் தூக்குவது என்று விட்டுவிட்டு வீட்டைப் பூட்டினார்கள்.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் கூரை இடுக்கில் சாம்பல் நிறத் தூசி இறங்கி, மூடாத அவர் கண்களின் மேல் படிகிறது. சிரித்தால் இந்தக் கட்டு விட்டுவிடுமோ என்று தோன்றாத நாளில்லை. அவர் சிரிக்கவில்லை. லூயிசாவும் போன மாதம் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டாள்.