நாலாவது வரிசை, ஆறாவது குழி

மெக்கலிஸ்டர் ரோட்டில் அந்தப் பழைய பங்களாவின் எதிரே யோகலட்சுமி பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை மணி எட்டு. நவம்பர் மழை விடியற்காலையிலிருந்து ஓய்ந்தபாடில்லை. யாரோ ஒரு சீன முதலாளி ஆசை ஆசையாய்க் கட்டிய வீடு. அதைத்தான் ஜன்னல்களை அடைத்து, சுவருக்கு வெள்ளையடித்துப் பரிசோதனைக்கூடம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே எந்நேரமும் கிருமி கொல்லும் குளோராக்ஸ் நெடி. அதற்கும் அடங்காமல் பழைய மரத்தின் ஈர வாடை மழைக்காலத்தில் மேலெழுந்து வரும்.

வேலை என்னவென்றால், வைரஸுக்குக் காவல் இருப்பது. பிறவியிலேயே ஜீன் பழுதான பிள்ளைகளுக்கு நல்ல ஜீனைக் கொண்டு போய்ச் சேர்க்க, வைரஸைத்தான் வண்டியாக்குகிறார்கள். பெருகாதபடி முதலில் அதை முடமாக்கிவிடுவார்கள். நிஜமாகவே முடமா என்று பார்ப்பது யோகலட்சுமியின் பொறுப்பு. ஒரு தட்டில் இருபத்துநாலு குழி, குழிதோறும் உயிருள்ள செல்கள். அவற்றின்மேல் மருந்தை விட்டுப் பதினாலு நாள் காத்திருப்பாள். வைரஸ் முடமென்றால் செல்கள் பாய் விரித்தாற்போல அப்படியே கிடக்கும். பெருகினால் பாயில் ஓட்டை விழும். ஒரே ஒரு ஓட்டை போதும், அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த பேட்ச் வர மூன்று மாதம் ஆகும்.

தர்ஷினிக்கு மூன்று மாதம் இருக்கவில்லை.

ஒன்பது வயது மகள். நுரையீரலில் சளி கட்டிக்கட்டி மூச்சை அடைக்கும் நோய். தினம் மூன்று வேளை அவளை மடியில் சாய்த்து, கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இளக்க வேண்டும். செப்டம்பரில் வந்த பேட்ச் மகளுக்கானது என்பது யோகலட்சுமிக்குத் தெரியும். நாலாவது வரிசை, ஆறாவது குழியில் கடுகளவு ஓட்டை ஒன்று இருந்ததும் தெரியும். மருந்தை விடும் பிப்பெட்டின் நுனி கீறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 'சுத்தம்' என எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது ஆள் தன் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூட வேலை பார்க்கும் சந்திரசேகரன் பார்க்காமலே போட்டான். பதினேழு வருஷம் சர்வீஸ் உள்ள அக்கா பார்த்ததைத் தான் போய்ச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற நல்ல மனிதன்.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டாள். நோய் முற்றிவிட்டது என்றார்கள். யாரும் யோகலட்சுமியைக் குறை சொல்லவில்லை.

அதுதான் அவளைத் தின்றது. செத்தவீடு முடிந்து எட்டாம் நாளே வந்து, ஒருவருக்கும் தெரியாமல், உறைபெட்டியில் மீதியிருந்த குப்பியை எடுத்துப் புதிதாகச் சோதனை வைத்தாள். இன்று பதினாலாம் நாள். இன்றே பத்து மணிக்கு, நிபோங் திபால் என்ற ஊரிலிருந்து வந்து வார்டில் படுத்திருக்கும், அதே நோயுள்ள ஒரு பையனுக்கு அதே பேட்ச்சைப் போடப் போகிறார்கள். முன்னமே வாய் திறந்திருக்கலாம். கீறலாகவே இருந்துவிடாதா, பிள்ளையைக் கொன்றவள் நானாக இல்லாமல் போய்விடாதா என்ற நப்பாசை அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

அப்போதுதான் வந்து கதவைத் திறந்த சந்திரசேகரன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"ஏன்க்கா இந்த மழையில வந்தீங்க? ரெஸ்ட் எடுங்கலா."

"ஒரு தட்டுப் பாக்க வேணும், தம்பி."

செல்களை வளர்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. மனித உடம்பின் சூடு எப்போதும் அதில் நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு தட்டை எடுத்தாள். வெளியே இடி விழுந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டில் மெஷின்களின் இரைச்சல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. கடைசியில் ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது.

அது அவளுடைய மூச்சு இல்லை.

சளியில் சிக்கி, விசிலடித்து, பாதியில் நின்று நின்று வந்தது.

யூகலிப்டஸ் தைல வாசனை.

முழங்காலில் ஏதோ வந்து சாய்ந்தது. பாரமே இல்லை. எலும்பு எலும்பாய் ஒரு சின்ன முதுகு.

யோகலட்சுமி அலறவில்லை. தட்டை இடக்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வலக்கை தானாகக் குவிந்தது. இருட்டில் தட்டினாள்.

தொப். தொப். தொப்.

கீழேயிருந்து இருமல் வந்தது.

விளக்கு எரிந்தபோது அறையில் யாரும் இல்லை. அவள் வெளியே வந்து தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முதல் வரிசை சுத்தம். இரண்டாவது, மூன்றாவது சுத்தம். நாலாவதில் ஐந்து குழிகள் சுத்தம். ஆறாவதில் ஓட்டை. இந்தத் தடவை கடுகளவு இல்லை. ஓரங்களில் செல்கள் வீங்கி உருண்டு உதிர்ந்துகொண்டிருந்தன. கீறல் அப்படிச் செய்யாது.

சந்திரசேகரனும் தட்டில் எழுதியிருந்த பேட்ச் நம்பரைப் படித்துவிட்டுக் குனிந்து பார்த்தான். பார்த்தவன் வெளிறிப்போனான்.

"அக்கா... கீறல்னு எழுதிருவோம்க்கா. செப்டம்பர் ரிப்போர்ட்ல ரெண்டு பேர் சைனும் இருக்கு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"அங்க படுத்திருக்கிறதும் ஒரு பிள்ளைதானே, தம்பி."

பதிவேட்டில் 'தேறவில்லை' என்று எழுதினாள். கீழே, செப்டம்பரில் தான் பார்த்ததையும் மறைத்ததையும் எழுதினாள். அழுகையில் எழுத்து கோணல்மாணலாய்ப் போயிற்று. பிறகு ஆபீஸ் அறைக்கு ஓடி வார்டுக்குப் போன் போட்டாள். எங்கேஜ். மறுபடி போட்டாள். எங்கேஜ். இன்னொரு நம்பருக்கு அடித்ததும் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, வார்டு. சிஸ்டர் புஷ்பவள்ளி பேசுறேன். நான் இங்க புதுசு, யாரு வேணும்?"

"நான் லேபிலயிருந்து யோகலட்சுமி. இண்டைக்கு அந்தப் பையனுக்குப் போடுற மருந்து... போடாதேங்கோ! அது பழுது. பிழை என்னிலதான்."

"தெரியும்க்கா. டாக்டர் அப்பவே நிறுத்திட்டாரு. ஏழரைக்கே உங்க லேப்லேர்ந்து போன் வந்திருச்சு."

"ஏழரைக்கு இங்க ஒருத்தரும் இல்லையே. ஆர் பேசினது?"

"ஒரு சின்னப் பொண்ணுக்கா. விளையாடுதுன்னு ரெண்டு தடவ வெச்சிட்டேன். மூணாவது தடவ பேட்ச் நம்பரைக் கரெக்டா சொல்லிச்சு, டாக்டரே பயந்துட்டாரு. இப்ப அழுவுது பாவம். 'அம்மாவ ஏசாதேங்கோ, எனக்காகத்தான் அப்பிடிச் செய்தவ'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு."

யோகலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கம்பியின் மறுமுனையில், தாதியின் குரலுக்குப் பின்னால், மழைச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது.

"இன்னும் வைக்கலக்கா. பக்கத்து போன்லதான் இருக்கு, ஒரே இருமல். நீங்க பேசுறீங்களா?"

"குடுங்கோ," என்று சொல்லிவிட்டு, யோகலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.