தொப்பி மடு

"பேய்னு ஒண்ணு இந்த உலகத்துல கிடையவே கிடையாது. தூண்டில் வீசத் தெரியாதவன் வெறுங்கையோட வீட்டுக்குப் போறப்ப பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்குக் கண்டுபிடிச்ச சாக்குக்குப் பேருதான் பேய்."

லார்க்கன் டூஹி இப்படி அறிவித்தபோது ஹிக்கியின் மதுக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அவர் சொல்லவும் இல்லை. டுவேன் ஆற்றில், மயிரும் இறகும் கட்டிய பொய் ஈயை நூலில் மாட்டி ஈத்தூண்டில் வீசுவதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது என்பதில் தூண்டில் சங்கத்துக்கும் அவருக்கும் ஒரே கருத்து. அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. போன வருடம் மீனுக்கு ஞாபகசக்தி இல்லை என்று அறிவித்தார். அதற்கு முந்தைய வருடம், மாமியாருக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை என்று அறிவித்தார். மாமியாரைப் புதைத்த அன்றுகூட அந்தக் கருத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை.

"அப்ப தொப்பி மடுவுல நீ கேக்க மாட்ட?" என்றார் கடைக்காரர் மாஸி ஹிக்கி, கோப்பையைத் துடைத்தபடி.

"யாருகிட்டக் கேக்க? தண்ணிகிட்டயா?"

"நாங்க எல்லாம் கேக்கறோமே."

"அதான் நீங்க எல்லாம் ஒண்ணும் பிடிக்கறதில்ல."

எந்த மடுவிலும் உள்ள வழக்கம்தான் அது. ஒருவன் மேலிருந்து ஒரு வீச்சு, ஓர் அடி, ஒரு வீச்சு, ஓர் அடி என்று கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அடுத்து வருபவன் "பின்னாடி வரலாமா?" என்று கேட்டுவிட்டு அவனுக்குப் பின்னால்தான் இறங்க வேண்டும். முன்னால் இறங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் மனைவியோடு ஓடிப்போனவனைக்கூட மன்னித்த ஊர் அது. வீசிக்கொண்டிருப்பவனுக்கு முன்னால் இறங்கியவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

தொப்பி மடுவில் மட்டும், அங்கே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும். மேல்முனையில் கூழாங்கல் திட்டில் நின்று, தொப்பியைக் கழற்றி, வெறும் ஆற்றைப் பார்த்துக் கேட்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை என்றால் இறங்கலாம். தூண்டில் நூல் சுற்றிய ரீல் சுழலும் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட வேண்டும்.

அங்கே வீசிக்கொண்டிருப்பது யார் என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்பார்கள் சிலர். பண்ணைத் துரை என்பார்கள் சிலர். வரி வசூலித்தவன் என்றார் மாஸி. ஊரில் எல்லாத் தீமையையும் அவர் வரியில்தான் கொண்டுபோய் முடிப்பார். யாராக இருந்தாலும், அந்த ஆள் மடுவை இன்னும் முடிக்கவில்லை என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

"இந்த அந்திக்கே போறேன். அந்தப் பிஷப்போட வர்றேன்" என்றார் லார்க்கன். பிஷப் என்பது தொப்பி மடுவின் அடிமுனையில், சாய்ந்த மரத்தின் நிழலில் குடியிருந்த பழுப்பு டிரவுட் மீன். ஒரு கை நீளம்; கீழ்த்தாடை கொக்கியாக வளைந்திருக்கும். சங்கத்தில் பாதிப் பேர் அதன் வாயில் ஈயை விட்டுவிட்டு வந்தவர்கள். "டேய் டொனா, நீயும் வா. சாட்சி வேணும்."

டொனா அவர் மனைவி கிரோன்யாவின் தம்பி. அத்தானுக்குச் சாட்சி சொல்வதே அவன் முழுநேர வேலை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று கிரோன்யா சொன்னாள்: "அவனுக்கு நீச்சல் வராது, தெரியுமில்ல? ஆழத்துல எறக்காதீங்க. என் தம்பியை எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கூட்டிட்டு வரணும்."

"ஆத்துல எறங்கறது நான். உன் தம்பி கரையில உக்காந்து ரொட்டி திங்கப் போறான்" என்றார் லார்க்கன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

ஜூன் மாதத்தில் அங்கே வெயில் போன பிறகும் வெளிச்சம் போக மறுத்து வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அவர்கள் வேலியைத் தாண்டி இறங்கியபோது புல்வெளியில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மிதிபட்ட காட்டுப்புதினா மணத்தது. தண்ணீர் மேல் அந்தி ஈக்கள் பொடிப்பொடியாக எழும்பத் தொடங்கியிருந்தன. டுவேன் ஒரு சிடுமூஞ்சி ஆறு. தண்ணீர் கண்ணாடி, மீனுக்கு உன் நிழல் தெரியும், நீ கட்டிய ஈயில் எந்த முயலின் மயிர் என்பதும் தெரியும். எதிர்க்கரை செங்குத்துப் பாறை. இந்தக் கரையில் முள்ளும் களிமண் சுவரும். இறங்க இரண்டே வழி: மேல்முனையில் கூழாங்கல் திட்டு, பாதி வழியில் மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு.

டொனா தூண்டில் கழியை எடுத்து ரீலை இழுத்துப் பார்த்தான். அது வாத்து மாதிரி கத்தியது.

"அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடுடா. ஆத்துல இருக்கற மீனெல்லாம் காதைப் பொத்திக்குது."

"மீனுக்குக் காது இல்ல அத்தான்."

"உன் ரீலைக் கேட்டு முளைச்சிடும்."

திட்டுக்கு வந்ததும் டொனா தொப்பியைக் கழற்றினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வெறும் ஆற்றைப் பார்த்து, மெல்லிய குரலில், "பின்னாடி வரலாமா?" என்றான்.

"அப்படியே அவரு வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு" என்றார் லார்க்கன்.

டொனா கையை உயர்த்தினான். "கேட்டுச்சா?"

"என்னது?"

"ரீல்."

"அது உன் வாத்து."

"என் கை ரீல் மேலயே இல்ல அத்தான்." அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "கொஞ்ச நேரம் உக்காரலாம். டீ குடிக்கலாம். அவர் கீழ போகட்டும்."

அதே நொடியில் அடிமுனையில் சாய்ந்த மரத்தடியில் தண்ணீர் ஒரு தரம் வீங்கி, அகன்ற வளையமாக விரிந்தது. பிஷப் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

லார்க்கன் யோசிக்கவில்லை. மேலிருந்து வரிசையாக வீசிக்கொண்டு போனால் அதற்குள் வெளிச்சம் போய்விடும். கரையோரமாக விறுவிறுவென்று நடந்து, மாட்டுச்சரிவில் இறங்கி, மடுவின் நடுவில் போய் நின்றார்.

"அத்தான்! அவருக்கு முன்னாடி எறங்கிட்டீங்க!"

"வந்து சண்டை போடச் சொல்லு!"

முதல் வீச்சு அழகாக விழுந்தது. பஞ்சு விழுவது போல. இரண்டாவது இன்னும் ஒரு முழம் தள்ளி. அப்போதுதான் பின்னால் காற்றை அறுக்கும் மெல்லிய சீறல் கேட்டது. நூல் முன்னும் பின்னும் போகும் சத்தம். டொனாவும் இறங்கிவிட்டான் என்று நினைத்தார். ஒழுங்காகத்தான் வீசுகிறான், யார் கற்றுக்கொடுத்தது என்று திரும்பினார்.

டொனா திட்டில் உட்கார்ந்திருந்தான். கழி தரையில் கிடந்தது.

சீறல் நிற்கவில்லை.

லார்க்கனின் தொடைக்கு ஒரு கை தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தண்ணீரைத் தொட்டது. சின்ன வளையம் விரிந்து, அவர் ரப்பர் கால்சட்டையைத் தொட்டு நின்றது.

ஆளிவிதை எண்ணெய் வாசனை. பட்டு நூலுக்குத் தடவுகிற எண்ணெய். பட்டு நூலை அந்த ஊரில் இப்போது யாரும் வைத்திருக்கவில்லை. அதோடு நனைந்த கம்பளியின் வாடை, மிக அருகில்.

பின்னால் கூழாங்கல் நெரியும் சத்தம். ஓர் அடி.

லார்க்கனின் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது.

அவர் வைக்கவில்லை. அதுவாகப் போனது. பின்னால் ஆள் வந்தால் நகர்ந்துகொடுப்பது சின்ன வயதிலிருந்தே காலுக்குப் பழகிய மரியாதை. அந்த மரியாதை அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கை கழியைத் தூக்கியது. வீசியது. பின்னால் சீறல். வளையம். கல் நெரியும் சத்தம்.

இன்னோர் அடி.

"டொனா" என்றார். அறிவிக்கிற குரலில் சொல்ல முயன்றார். அது வேறு யாருடைய குரலாகவோ வந்தது. "என்னால திரும்ப முடியல."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சரிவு அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்தடிக்குள் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாத ஓர் ஆள். தள்ளவில்லை, தொடவில்லை, தன் முறைக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

ஓர் அடி.

எதிரே பிஷப் எழுந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஒரு நிழலுக்கே பாய்ந்து ஓடுகிற மீன், நெஞ்சளவுத் தண்ணீரில் மனிதன் நிற்பதைப் பார்த்தும் நகரவில்லை. ஓர் ஈயை விழுங்கிவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தது. இந்த மாதிரி ஆட்கள் இறங்கி வருவதைப் பார்த்துப் பழகிய மாதிரி.

கரையில் டொனா ஓடி வருவது கேட்டது. முள்ளில் துணி கிழிந்தது. கழியும் கையுமாக மாட்டுச்சரிவில் வந்து நின்று, தொப்பியை மறுபடியும் கழற்றினான்.

"ஐயா, அவர் எங்க அத்தான். வாய்தான் பெருசு, வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுங்க. நான் வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

சீறல் நின்றது.

"வராதடா!" என்று லார்க்கன் கத்தினார். கத்தியதாகத்தான் அவர் பிற்பாடு நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்தாரா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

டொனா இறங்கினான். இடுப்பளவில் நின்று கழியின் அடிப்பக்கத்தை நீட்டினான். லார்க்கன் பிடித்தார். டொனா இழுத்தான். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ, லார்க்கன் அவனைக் கடந்து, சரிவின் சேற்றில் குப்புற விழுந்தார். வாயில் மாட்டுச் சாணம். உயிரோடு இருப்பதன் ருசி அதுதான் என்று தோன்றியது.

"வாடா வெளிய" என்று திரும்பினார்.

டொனா ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கழி அவன் கையில் நேராகியிருந்தது. ரீல் வாத்து மாதிரி கத்தியது. நூல் போனது.

"டொனா. மூணு எட்டு. வந்துடு."

"வர முடியல அத்தான்." குரலில் பயம்கூட இல்லை. சங்கடம்தான் இருந்தது, விருந்து வீட்டில் கோப்பையை உடைத்துவிட்டவன் மாதிரி. "பின்னாடி ஆள் வர்றாரு."

கல் நெரியும் சத்தம். ஓர் அடி.

லார்க்கன் மறுபடி இறங்கப் பார்த்தார். முழங்காலளவில் கால் நின்றுவிட்டது. பின்னால் வருபவரைத் தாண்டி முன்னால் போக அந்தக் காலுக்குத் தெரியவில்லை. கரைக்கு ஏறி, களிமண் சுவரின் மேல் குப்புறப் படுத்து, தன் கழியை நீட்டினார். எட்டவில்லை. ஓடினார், மறுபடி நீட்டினார். டொனா அதைப் பார்த்தான். கையை எடுக்கத்தான் முயன்றான். அவன் கை வீசிக்கொண்டிருந்தது.

நெஞ்சளவு. வாத்து கத்தியது.

தோளளவு.

"அத்தான்" என்றான் டொனா, "ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கியிருக்கலாம்ல."

அடுத்த அடியில் சாய்ந்த மரத்தின் நிழல் அவன் தலைமேல் மூடிக்கொண்டது. கழியின் நுனி கொஞ்ச நேரம் தெரிந்தது. அது ஒரு தரம் வீசியது.

பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிஷப் எழுந்து ஓர் ஈயைத் தின்றது.

கீழே அணைச்சுவரில் உடலை எடுத்தார்கள். தொப்பி சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்தது. கழியும் ரீலும் கிடைக்கவில்லை. வழுக்கி விழுந்தான், ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று விசாரணையில் லார்க்கன் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள், ஹிக்கியின் கடையில் இருந்தவர்களைத் தவிர. மாஸி பீரை ஊற்றி வைத்துவிட்டு, கவுண்டரின் மறுமுனைக்குப் போய்விட்டார். கிரோன்யா டொனாவின் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். லார்க்கன் அதன் பிறகு எதையும் அறிவிக்கவில்லை.

அடுத்த ஜூனில், காட்டுப்புதினா மணக்கும் ஓர் அந்தியில், அவர் வேலியைத் தாண்டி இறங்கினார். கையில் கழி இல்லை. கழி இல்லாதவன் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டும் என்று சங்க விதியில் எங்கும் எழுதவில்லை.

கூழாங்கல் திட்டில் நின்றார். சுற்றிலும் பார்த்தார். மாடுகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

தொப்பியைக் கழற்றினார்.

"பின்னாடி வரலாமா?"

தண்ணீர்ச் சத்தம். ஈக்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. அவருக்கு மூச்சு திரும்பத் தொடங்கியது.

நடு மடுவில், ஆளில்லாத தண்ணீருக்கு மேலே, ஒரு வாத்து கத்தியது.

அதற்குப் பின்னால், சீறல். சின்ன வளையம். கூழாங்கல் நெரியும் சத்தம்.

வாத்து ஓர் அடி தள்ளிக் கத்தியது.

லார்க்கன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், திட்டில் உட்கார்ந்தார்.