ஒரு வேலை, இரண்டு கைகள்

திரையில் ஒரே வரி இரண்டு முறை வந்திருந்தது. 'பிரேக் விடப்பட்டது.' ஒரே நொடி, ஒரே கிரேன். ஆனால் இரண்டு கைகள் செய்ததாகக் காட்டியது.

எண்ணூர் கன்டெய்னர் யார்டின் கட்டுப்பாட்டு அறையில், ஏசியின் முனகலுக்கும், சாம்பல் கலந்த உப்புக்காற்றின் வாடைக்கும், இரும்புக் கயிறுகள் கிறீச்சிடும் ஓசைக்கும் நடுவே, அன்புக்கரசி அந்த வரியை மறுபடி படித்தாள்.

ஆளில்லாமல் ஓடும் அந்தக் கிரேனை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் அவள் எழுதிய பகுதி அது. வரும் உத்தரவை உடனே செய்யாமல் வரிசையில் போட்டுப் பிறகு செய்யும் ஏற்பாடு. அதற்கு 'அப்பால' என்றே பெயர் வைத்திருந்தாள். வியாசர்பாடிக்காரி வேறென்ன வைப்பாள்? எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரு வேலையை ஒரு நேரத்தில் ஒரு கைதான் செய்யும் என்பது கெர்னல் செய்துகொடுத்த சத்தியம். அதை நம்பி, இரண்டு கைகள் மோதாமல் தடுக்க அவள் தனிக் காவல் எதுவும் போடவில்லை. சத்தியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேலை முடியுமுன் அதைத் துடைத்துப் புதிதாக எழுதக் கூடாது. காலையில் அவசரத்தில் அதைத்தான் செய்திருந்தாள். பழைய டோக்கனைத் திரும்ப வாங்காமல் புது டோக்கன் கொடுத்தால் பழையவன் போய்விடுவானா? அவனும்தான் வருவான். புத்தி கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நாற்பது அடிப் பெட்டி அந்தரத்தில் தொங்கியது. அதன் கீழே, லாரியில் இறுகிப்போன கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான் அவள் தம்பி அறிவு.

வாக்கிடாக்கியில் வெளியே ஓடு என்றாள். அவன் அசைவதற்குள் மனம் மாறி, வேண்டாம், மேலே என்னிடம் வா என்றாள். முதல் உத்தரவு முடியுமுன்னே இரண்டாவது.

"வந்துகினே கீறேன்க்கா."

படியில் காலடிச் சத்தம். டீசலும் வியர்வையும் கலந்த அவன் வாடை. கதவு திறந்தது. அறிவுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, கால் மாட்டிகினு கீது. பொட்டிய நிறுத்து."

அதே குரல்.

எட்டிப் பார்த்தாள். பெட்டிக்குக் கீழே அறிவு. அண்ணாந்து பார்த்தபடி. பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குக் கை போனது. பின்னாலிருந்து இன்னொரு கை அதன்மேல் விழுந்தது. தம்பியின் கை. அவன் கட்டைவிரல். அதில் அவன் சிறுவயதுத் தழும்பு. இறுக்கிப் பிடித்தது.

"வுடுக்கா," என்றான் மெதுவாக. "ஒருத்தன் போதும்."

வாக்கிடாக்கி அக்கா, அக்கா என்றது. பெட்டி நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கீழே நடப்பதைக் கண் கொட்டாமல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.